சனிக்கிழமை அக்கா

எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில், வாசலில் நின்று "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போன ஒரே ஆள் அவர்தான்.

நம்மவர்களில் யார் அப்படிச் சொல்வார்கள்? முக்குக் கடைக்குப் போகிறவரும் "வரேன்" என்பார், விமானம் ஏறப் போகிறவரும் "போய்ட்டு வரேன்" என்பார். சமையல் கேஸ் தோங் கொண்டுவந்து போடுகிற ஆள்கூட "வரேன் ஆன்ட்டி" என்றுதான் மோட்டாரை எடுப்பார். சாவு வீட்டில் மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிடுவோம். மற்றபடி வருகிறோமோ இல்லையோ, வருவதாகச் சொல்லிவிட்டுப் போவதுதான் முறை.

அவர் முதல் தடவை எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று "சரி ஆன்ட்டி, நான் போறேன்" என்றபோது, வந்திருந்த என் நாத்தனார் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த கிளிப்பு கீழே விழுந்துவிட்டது.

"என்னம்மா இது, விளக்கு வைக்கிற நேரத்துல போறேங்கற? வரேன்னு சொல்லு."

"இன்னிக்கு இனிமே வரமாட்டேனே ஆன்ட்டி. அடுத்த சனிக்கிழமை காலையிலதான் வருவேன்."

"அது எங்களுக்கும் தெரியும்லா. இருந்தாலும் வாய்க்கு நல்லதாச் சொல்றதுதானே?"

"கௌரி கேட்டுக்கிட்டு நிக்கிறா," என்றார் அவர்.

கௌரி என் மகள். எனக்குக் கல்யாணமாகி வெகு காலம் கழித்து, இனி பிள்ளை இல்லை என்று தோட்டத்து லயத்தில் எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு பிறந்தவள். கிளினிக்கில் ஒரு மலாய் டாக்டர்தான் 'ஆட்டிசம்' என்ற சொல்லை எனக்கு முதலில் சொன்னார். அதுவரை ஆளுக்கொரு பெயர் வைத்துச் சொன்னார்கள். அதையெல்லாம் எழுத எனக்கு மனம் இல்லை. நான் சொல்லும் காலத்தில் அவள் இருபத்தைந்து வயதைத் தாண்டிய பெண்.

கௌரி கொஞ்சம்தான் பேசுவாள். ஆனால் ஒரு சொல் அவளிடம் ஓயாது. குளித்துவிட்டு வா என்றால் "அப்புறம்?" என்பாள். சாப்பிடலாம் என்றால் "அப்புறம்?" தூங்கலாம் என்றால், விளக்கை அணைத்த பிறகும் பாயிலிருந்து "அப்புறம்?" என்று கேட்கும். நாங்களும் ஏதாவது பதில் சொல்லிக்கொண்டே இருப்போம்.

இன்னொன்றும் உண்டு. யார் என்ன சொன்னாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்வாள். "வரேன்" என்று யாராவது சொல்லிவிட்டுப் போனால், கேட்டைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். வருகிறேன் என்றார்களே, வந்தால் கேட் மூடியிருக்கக் கூடாதே! கேஸ் கொண்டுவந்தவருக்காக நின்றிருக்கிறாள். காப்புறுதி பாலிசி விற்க வந்தவருக்காக நின்றிருக்கிறாள். என் தம்பி தீபாவளிக்கு வந்துவிட்டு "மாமா வரேன்டா கண்ணு" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போன அன்று, மழை கொட்டக் கொட்ட நின்றாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். சோற்றைத் தொடமாட்டாள். இழுத்தால் கையைக் கடித்துக்கொள்வாள். தன் கையைத்தான். அவள் பட்டினி கிடந்த வேளைகளுக்கெல்லாம் காரணம் மரியாதை தெரிந்த மனிதர்கள்.

அதனால் எனக்கு ஒரே பயம்தான் இருந்தது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு நாள் நானும் இந்தக் கேட்டைத் தாண்டிப் போய்த் திரும்பாமல் இருந்துவிட்டால், இவள் எத்தனை காலம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்?

அன்று அவர் "போறேன்" என்று சொன்னதும் கௌரி அவரையே பார்த்தாள். வேன் தெருவைத் தாண்டியது. கேட்டை இழுத்து மூடினாள். கொக்கியைப் போட்டாள். உள்ளே போய்த் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாத்தனாரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

'சனிக்கிழமை அக்கா' என்பது கௌரி வைத்த பெயர். அவர் சனிக்கிழமைதான் வருவார், அதனால் அப்படி. மற்ற நாட்களில் ரவாங்கில் ஒரு தொழிற்சாலை ஆபீஸில் வேலை. சனிக்கிழமை காலையில் ஒரு பழைய வேன் எங்கள் ஈஜோக் தாமான் குடியிருப்புக்குள் வரும். முன்னொரு காலத்தில் பாலர் பள்ளி வேனாக இருந்ததாம். வெள்ளைச் சாயத்துக்கு அடியில் ஒரு வாத்துக் குட்டி இன்னும் தெரியும். அதில் கௌரி மாதிரிப் பிள்ளைகள். பிள்ளைகள் என்கிறேன், எல்லாரும் மீசை முளைத்தவர்கள், தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னல் போட்ட பெரிய பெண்கள். சின்ன வயதில் இவர்களுக்கு வகுப்பு உண்டு, டீச்சர் உண்டு. பள்ளிக்கூட வயது தாண்டிவிட்டால் வீடும் டிவியும்தான். அப்படி வீட்டுக்குள் கிடந்தவர்களைத்தான் அவர் வெளியே கூட்டிக்கொண்டு போனார். பத்தாங் காலியிலிருந்துகூட ஒரு தாய் தன் மகனைக் காரில் கொண்டுவந்து வேனில் ஏற்றுவார்.

பெரிதாக ஒன்றுமில்லை. குன்றின் மேல் நடப்பது. அறுவடை முடிந்த வயலில் பட்டம் விடுவது. ரோட்டோர ஒட்டுக்கடையில் போய் வரிசையில் நின்று தனக்கு வேண்டிய தண்ணீரைத் தானே கேட்டு வாங்கிக் குடிப்பது. இவ்வளவுதான். ஆனால் இந்த இவ்வளவை இவர்களை வைத்துக்கொண்டு செய்ய முடியும் என்று எங்களில் ஒரு தாய்கூட நினைத்ததில்லை.

நாங்கள் எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். ஒவ்வொரு தடவையும் அவர் "நான் டீச்சர் இல்ல ஆன்ட்டி" என்பார். சலிக்காமல் சொல்வார். நாங்களும் சலிக்காமல் கூப்பிட்டோம். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். தாத்தா ஏதோ ஒரு தோட்டத்தில் ஆபீஸ் கிராணியாக இருந்தாராம். கிராணி வீட்டுப் பக்கம் நிமிர்ந்து பார்க்காமல் வளர்ந்தவள் நான். அந்த வீட்டுப் பேத்தி என் மகளின் செருப்பில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டுவதைப் பார்க்கும்போது எனக்குக் கை கால் எங்கே வைப்பது என்று தெரியாது.

மற்றதெல்லாம் நம்மைப் போலத்தான் பேசுவார். 'ஆமாம்' என்பதற்கு மட்டும் "ஓம்" என்பார். வேன் ஓட்டுகிற அங்கிள் முதல் நாள் பயந்துவிட்டார். "என்ன டீச்சர், ரோட்டைக் கடக்கறதுக்கே மந்திரம் சொல்றீங்க? நான் ஒழுங்காத்தான் ஓட்டறேன்." பிள்ளைகளுக்கு அந்தச் சொல் பிடித்துப்போய்விட்டது. கொஞ்ச நாளில் வேன் முழுக்க ஓம் ஓம் என்று கேட்டது.

கழுத்தில் ஒரு விசில் தொங்கும். ஊதி நான் பார்த்ததில்லை.

"ஊதாத விசில் எதுக்கு டீச்சர்? நகையா?" என்று அங்கிள் கிண்டல் செய்தார்.

"யாராவது தண்ணியில விழுந்தா ஊதறதுக்கு."

"நல்ல வார்த்தையே வராதா உங்க வாயில?"

"விழாட்டி ஊத மாட்டேன்."

புறப்படும் முன் வேனுக்குள் நின்று அன்றைக்கு நடக்கப்போவதைச் சொல்வார். நல்லதை மட்டும் சொன்னால் பரவாயில்லை, எல்லாவற்றையும் சொல்வார். வெயில் சுடும். கழிப்பறை அசிங்கமாக இருக்கும். ஐஸ்கிரீம் கடை திறந்திருக்குமோ என்னவோ, எனக்குத் தெரியாது. தாய்மார்கள் முகம் சுளிப்போம். பிள்ளைகளைக் கிளப்பும்போது இப்படியா சொல்வார்கள்? அங்கிள் பாதி வழியில், யாராவது அழ ஆரம்பித்தால், நம் வழக்கப்படி "இதோ வந்துட்டோம், இதோ வந்துட்டோம்" என்பார். உடனே பின்னாலிருந்து குரல் வரும்.

"இன்னும் வரல. இப்பதான் ஜெராம் தாண்டறோம்."

"ஏன் டீச்சர் என் பொழப்பைக் கெடுக்கறீங்க?"

"நீங்க ரோட்டைப் பாருங்க அங்கிள்."

அழுதுகொண்டிருந்த பிள்ளை ஜெராம் போர்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு அடங்கிப்போகும்.

பழைய கோட்டை இருந்த புக்கிட் மலாவத்திக் குன்றுக்குப் போன நாளை என்னால் மறக்க முடியாது. அங்கே குரங்குகள் உண்டு. கறுத்த குரங்குகள் சாது. பழுப்புக் குரங்குகள்தான் திருட்டுப் பயல்கள். வேனிலேயே சொல்லிவிட்டார்: "கையில தின்ற சாமான் வச்சிருந்தா குரங்கு பிடுங்கும். பிடுங்கினா விட்டுடணும். திரும்பக் கிடைக்காது."

பத்தாங் காலித் தாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பையன் நல்ல உயரம். கையில் கச்சான் கடலைப் பொட்டலம் இல்லாமல் எங்கும் போகமாட்டான். அந்தப் பொட்டலம் கீழே விழுந்தால்கூட மண்டையைச் சுவரில் மோதிக்கொள்வானாம். "டீச்சர், குரங்கு ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லுங்களேன்," என்று கெஞ்சினார்.

"செய்யுமே," என்றார் இவர்.

மேலே ஏறிக் கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய குரங்கு மதில் மேலிருந்து இறங்கி வந்தது. யாரையும் பார்க்காத மாதிரி நடந்து வந்து, பையன் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. அந்தத் தாய் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் எல்லாரும் அவனைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு நின்றோம்.

அவன் வெறுங்கையைப் பார்த்தான். மரத்தைப் பார்த்தான். "திரும்பக் கிடைக்காது," என்றான். அமைதியாக, ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி.

"ஓம்," என்றார் இவர்.

அவன் மேலே நடந்துபோனான். அந்தத் தாய் பீரங்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. சாமி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தீ மிதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லி ஒரு பிள்ளையைத் தாங்கிய அந்தப் பெண்ணைப் பார்த்தபோதும் எனக்கு அதே மாதிரி இருந்தது.

எல்லாருக்கும் அவரைப் பிடித்திருந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு தடவை ஒரு பெரிய மனிதர் எங்களைப் பார்க்க ஊர் மண்டபத்துக்கு வந்தார். புது வேன் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தவர். பலூன்கள், ஒலிபெருக்கி, படம் பிடிக்க ஆட்கள். பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு காதைப் பொத்தியிருந்தார்கள். அவர் மைக்கைப் பிடித்து, "எல்லாரும் சந்தோஷமா இருக்கீங்களா?" என்றார். சத்தமே இல்லை. சிரித்தபடி இவரிடம் திரும்பி, "சந்தோஷமாத்தானே இருக்காங்க?" என்று மைக்கை நீட்டினார்.

"இல்லைங்க. பலூன் வெடிச்சிடும்னு பயந்து நிக்கிறாங்க. நீங்க போனதும் சரியாயிடுவாங்க."

மைக்கில் கேட்டதால் தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

புது வேன் வரவில்லை. மழை பெய்தால் பழைய வேனில் வாத்துக் குட்டிப் பக்கம் ஒழுகும். தாய்மார்களுக்குக் கோபம். "ஒரு ஓம் சொல்லியிருந்தா ஏர்கான் வேன் கெடச்சிருக்கும்ல?" என்று ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள்.

"கெடச்சிருக்கும்," என்று ஒத்துக்கொண்டார். "வருஷா வருஷம் பலூனும் வந்திருக்கும்."

ஏன் இப்படி இருக்கிறார் என்று பின்னால் பேசிக்கொள்வோம். காதல் தோல்வியாக இருக்கும் என்பார் அங்கிள். அவருக்கு எல்லாவற்றுக்கும் காதல் தோல்விதான். நான் கேட்டதில்லை. எனக்கு அப்படியெல்லாம் கேட்க வராது.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. நாலு பேர் மத்தியில் எனக்குப் பேச்சு வராது. அதனால் வெறுங்கையோடு போகக் கூசி, ஒரு சனிக்கிழமை புளிச்சோறு கட்டிக்கொண்டு போனேன். எல்லாரும் "சூப்பர் ஆன்ட்டி" என்றார்கள். அவர் ஒரு வாய் மென்று விழுங்கிவிட்டு, "உப்புக் கூட ஆன்ட்டி," என்றார். எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்து தின்று பார்த்தேன். கூடத்தான். அடுத்த சனிக்கிழமை பிடிவாதமாக மறுபடி கட்டிக்கொண்டு போனேன். தின்றார். "இன்னிக்கு நல்லாருக்கு," என்றார்.

அறுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது, எத்தனையோ பேருக்குச் சமைத்துப் போட்டிருக்கிறேன். நான் நம்பிய பாராட்டு அது ஒன்றுதான்.

சுங்கை செம்பிலாங் படகுப் பயணத்துக்கு நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். கௌரிக்கு மோட்டார் சத்தம் ஆகாது. அவர் சத்தத்தை அடைக்கக் காதில் மாட்டுகிற கருவி கொண்டுவந்திருந்தார், அதனால் கிளம்பினோம். வழக்கம்போல வேனில் சொன்னார்: "இன்ஜின் சத்தம் பெருசா இருக்கும். மீன் நாத்தம் அடிக்கும். அந்த நாத்தத்தை நான் ஒண்ணும் பண்ண முடியாது."

போகும்போது நன்றாகத்தான் போனோம். திரும்பும்போது தண்ணீர் வடிந்து, படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. படகுக்காரச் சீன அங்கிள் இன்ஜினை நிறுத்திவிட்டு, "செகெஜாப், செகெஜாப்" என்றார். கொஞ்ச நேரம்தான் என்று அர்த்தம். அந்தக் கொஞ்ச நேரம் போய்க்கொண்டே இருந்தது. நிழல் இல்லை. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைக்குள் எல்லாரும் வெந்துகொண்டிருந்தோம்.

"அப்புறம்?" என்றாள் கௌரி.

"அப்புறம் இப்போ கெளம்பிடும்மா," என்றேன்.

"அப்புறம்?"

"வீட்டுக்குப் போலாம்."

"அப்புறம்?"

"கோழி பொரிச்சுத் தரேன்."

"அப்புறம்? அப்புறம்?"

குரல் ஏறிக்கொண்டே போனது. மணிக்கட்டு வாய்க்குப் போய்விட்டது. மற்ற தாய்மார்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். இதோ நகருது பாரு, கண்ணை மூடித் திறந்தா கரை வந்துடும். எழுந்து நின்றுவிட்டாள். படகு ஆடியது. நான் அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன்.

சனிக்கிழமை அக்கா அந்தப் பக்கத்திலிருந்து தவழ்ந்து வந்தார். படகின் அடியில் தேங்கியிருந்த தண்ணீரிலேயே உட்கார்ந்தார். கௌரியைத் தொடவில்லை.

"கௌரி, படகு சேத்துல மாட்டிக்கிச்சு. கடல் தண்ணி ஏறி வரணும். ஏறினா படகு மிதக்கும்."

"அப்புறம்?"

"எப்போ ஏறும்னு தெரியாது."

கௌரி நின்றாள். கையை வாயிலிருந்து எடுத்தாள்.

"தெரியாது," என்றாள்.

"ஓம். தெரியாது."

அவள் உட்கார்ந்துவிட்டாள். "அப்புறம்" நின்றுவிட்டது.

நான் என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமாக அவள் கேட்டதற்கெல்லாம் நாங்கள் பதில் சொல்லியிருக்கிறோம். தெரிந்ததற்கும் சொன்னோம், தெரியாததற்கும் சொன்னோம். ஒருத்தர்கூடத் தெரியாது என்று சொன்னதில்லை. நாங்கள் பதில் சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளை ஓடிக்கொண்டே இருந்திருக்கிறாள். உட்கார ஓர் இடம் கொடுத்தது அந்தச் சொல்தான்.

அதன்பிறகு கௌரி குனிந்து சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே சேற்றில் தத்துகிற குட்டி மீன்கள் நிறைய இருந்தன. நாங்கள் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தோம். திடீரென்று அவள் "தண்ணி" என்றாள். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மீன்கள் மேலே மேலே தத்திப் போவதை அவள் விரலால் காட்டினாள். படகுக்கார அங்கிள் எட்டிப் பார்த்தார். தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது. "பண்டாய்லா இந்தப் பொண்ணு," என்று சிரித்துக்கொண்டே இன்ஜினிடம் போனார். கெட்டிக்காரி என்று என் மகளை ஒருத்தர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இப்போது அவர் இங்கே இல்லை. ஒரு வருஷக் கடைசியில் தொழிற்சாலை தெற்கே ஜொகூருக்கு மாறியபோது அவரும் மாறிப் போய்விட்டார். கடைசிச் சனிக்கிழமை தாய்மார்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். திரும்பி வருவீங்கதானே என்று கேட்டதற்கு, தெரியாது என்றார். எங்கள் வாசலில் நின்று "போறேன் கௌரி" என்றார். கௌரி "ஓம்" என்றாள். கேட்டை மூடினாள். இன்றைக்கும் வேன் வருகிறது. வேறு இளம் வயதுக்காரர்கள் நடத்துகிறார்கள், நல்ல பிள்ளைகள். ஆனால் நான் சொல்ல வந்தது அவர் போவதற்கு முன்னால், அதே வருஷத்தில் நடந்தது.

எனக்குப் பித்தப்பையில் கல். எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். வயதும் இனிப்பு நீர் வியாதியும் சேர்ந்திருப்பதால் கொஞ்சம் ஆபத்து உண்டு என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். கௌரி என்னைப் பிரிந்து ஓர் இரவுகூட இருந்ததில்லை.

"கடைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போங்க அண்ணி. நான் வந்து இருந்து பாத்துக்கறேன்," என்றாள் நாத்தனார்.

"கடைக்குன்னா கேட்டைத் தொறந்து வச்சுக்கிட்டு நிப்பாளே."

"அப்ப அவ தூங்கறப்ப கெளம்புங்க."

"எந்திரிச்சுத் தேட மாட்டாளா?"

அந்தச் சனிக்கிழமை சுங்கை பெசார் பக்கம் வயலில் பட்டம் விடப் போயிருந்தோம். அறுப்பு முடிந்த காய்ந்த வயல், நல்ல காற்று. கௌரி நூலைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றாள். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"டீச்சர், நீங்க சொன்னா அவ நம்புவா. அம்மா போய்ட்டு நல்லபடியா வந்துருவாங்கன்னு நீங்களே சொல்லிடுங்களேன்."

"நான் டீச்சர் இல்ல ஆன்ட்டி."

"சரி, யாரோ ஒருத்தங்க. சொல்லுங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போறது நீங்க. நீங்கதான் சொல்லணும்."

"நான் என்னத்தச் சொல்ல?" பட்டத்தையே பார்த்துக்கொண்டு கேட்டேன். "வந்துருவேன்தானே? ஒண்ணும் ஆகாதுதானே?"

அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் இருந்தது. ஆனாலும் சொன்னார்.

"தெரியாது ஆன்ட்டி."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வயதான மனுஷி கேட்கிறாள், ஒரு பேச்சுக்குச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? வந்து பார்த்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்றுதான் சொன்னார்கள். சொல்லிவிட்டு, கௌரியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்கள்.

"நீங்க வரணும்னு எனக்கு ஆசை," என்றார் அவர். "அது வேற. ஆனா ஒண்ணு தெரியும். நீங்க வந்தாலும் வராட்டியும் சனிக்கிழமை வேன் உங்க வாசல்ல நிக்கும். இந்த வருஷம் பூரா நான் இருக்கேன். அடுத்த வருஷம் தெரியாது."

இந்த வருஷம் பூரா. எல்லாரும் "நாங்க இருக்கோம், கவலைப்படாதீங்க" என்று சொன்னபோது வராத நிம்மதி, எல்லை போட்டுக் கொடுத்த அந்த ஒரு வருஷத்தில் வந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள், சமையல்கட்டில் கௌரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிடித்த வேலை அது. எதிரே உட்கார்ந்தேன்.

"கௌரி, நாளைக்கு அம்மா ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"அப்புறம்?"

"வயித்துல கல்லு இருக்கு. டாக்டர் எடுப்பாங்க."

"அப்புறம்?"

"மருந்து குடுத்துத் தூங்க வைப்பாங்க."

"அப்புறம்?"

எந்திரிச்சு வந்துருவேன். அந்தச் சொல் நாக்கின் நுனியில் வந்து நின்றது. விழுங்கிவிட்டேன்.

"அப்புறம் தெரியாது. வரணும்னு ஆசை. வருவேனான்னு தெரியாதும்மா."

வெங்காயச் சருகு அவள் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மெதுவாக எடுத்துப் போட்டாள்.

"தெரியாது," என்றாள்.

"ஓம்," என்றேன். அந்தச் சொல்லை நான் முதல் தடவையாகச் சொன்னேன்.

"சனிக்கிழமை?"

"வேன் வரும். கேட்டுட்டேன். சனிக்கிழமை அக்கா வருவாங்க."

அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். கௌரி வந்து கேட்டைத் திறந்துவிட்டாள். நாத்தனார் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணி, இன்னிக்காவது வரேன்னு சொல்லிட்டுக் கெளம்புங்க. நல்ல நேரத்துல," என்று காதருகே சொன்னாள்.

பிறந்ததிலிருந்து பழகிய நாக்கு. அதைத் திருப்புவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"போறேன் கௌரி," என்றேன்.

நாத்தனார் "ஐயோ அண்ணி" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கார் நகர்ந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். பார்த்தேன். கௌரி கேட்டை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். கொக்கியைப் போட்டாள். உள்ளே போய்விட்டாள்.

வார்டில் கையில் ஊசி குத்திப் படுக்க வைத்திருந்தபோது நாத்தனார் போனில் கூப்பிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"அண்ணி, நீங்க சொன்ன வார்த்தைக்கு நான் இன்னும் சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கேன். இவ என்னடான்னா, உக்காந்து ரெண்டாந்தடவை சோறு போட்டுச் சாப்பிட்டுட்டு, தட்டையும் கழுவி வச்சுட்டா."

என்னை ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போக ஒரு சின்னப் பெண் வந்தாள், தமிழ் நர்ஸ். என் கையைத் தடவிக் கொடுத்து, "பயப்படாதீங்க பாட்டி, ஒண்ணும் ஆகாது," என்றாள். முன்பின் தெரியாதவர்களிடம் நான் வாய் திறக்கிற ஆள் இல்லை. அன்றைக்கு என்னவோ வந்தது.

"அது தெரியாதும்மா," என்றேன். "ஆனா என் பொண்ணு சாப்பிட்டுட்டா."